பண்டிகை நாளும் குடும்பச் சண்டையும்: மேலை மேடை நாடகங்களில் ஏற்பு என்பது என்ன?

1879 டிசம்பர் 21 அன்று கோபன்ஹேகன் அரச அரங்கில் ஹென்ரிக் இப்சனின் ‘பொம்மை வீடு’ முதன்முதலாக மேடையேறியது. கிறிஸ்துமஸ் நெருங்கிவிட்ட நேரம். திரை விலகியதும் பார்வையாளர்கள் கண்டது தங்கள் வீடுகளிலும் அந்த வாரம் நடந்துகொண்டிருந்த காரியங்களைத்தான். கை நிறையப் பொட்டலங்களோடு நோரா உள்ளே வருகிறாள். பின்னால் ஒரு கூலியாள் கிறிஸ்துமஸ் மரத்தைச் சுமந்து வருகிறான். அலங்காரம் முடியும்வரை பிள்ளைகள் கண்ணில் படாதபடி அதை மறைத்து வைக்கும்படி வேலைக்காரியிடம் சொல்கிறாள். மூன்றாம் நாள் இரவு இதே நோரா, கணவனையும் மூன்று பிள்ளைகளையும் விட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியேறுகிறாள். பெண் விடுதலையின் நாடகமாக இதை நூறாண்டுக்கு மேலாகப் பேசிவருகிறோம், அது சரியும்கூட. ஆனால் கதை முழுவதும் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் தொடங்கி மறுநாளுக்கு மறுநாளே முடிந்துவிடுகிறது என்பதை யாரும் அதிகம் கவனிப்பதில்லை. இப்சன் அந்த மூன்று நாட்களைத் தற்செயலாகத் தேர்ந்தெடுக்கவில்லை.

மேலை நாடக உலகில் பண்டிகை நாளைச் சுற்றி எழுந்த குடும்ப நாடகங்கள் ஒரு தனி வரிசையாகவே வளர்ந்திருக்கின்றன. பிரிந்தவர்கள் கூடுவார்கள், பழைய கணக்குகள் வெடிக்கும், கடைசியில் கட்டிப்பிடித்து அழுது சமாதானமாவார்கள் என்பதே இவற்றைப் பற்றிப் பரவலாக உள்ள எண்ணம். வணிக நாடகங்கள் பலவற்றுக்கு அது பொருந்தும். இந்த வரிசையின் சிறந்த படைப்புகள் போகும் வழி வேறு. பண்டிகை ஒவ்வொருவருக்கும் ஒரு வேடத்தைக் கொடுக்கிறது: கொடுத்துச் சிவக்கும் தந்தை, சலிக்காமல் பரிமாறும் தாய், வளர்ந்தபின்னும் குழந்தையாகவே இருக்க வேண்டிய மகள். ஒருவரால் தன் வேடத்தை மேலும் போட முடியாமல் போகும் கணத்தில் சண்டை மூள்கிறது. அவரை மறுபடி வேடத்துக்குள் திருப்பிவிட்டால் அது சமாதானம். வேடம் கலைந்தபின்னும் அவருக்கு அந்த மேசையில் இடம் இருந்தால் அது ஏற்பு. இரண்டும் ஒன்றல்ல என்பதே என் வாதம். இந்த வேறுபாட்டை வசனங்களில் தேடுவதைவிட, மரம், மேசை, மலர், மிட்டாய் என்று மேடையில் வைக்கப்படும் பண்டிகைப் பொருள்களுக்கு என்ன ஆகிறது என்று கவனித்தால் தெளிவாகப் பிடிபடும்.

‘பொம்மை வீடு’ நாடகத்தின் மரத்தையே எடுத்துக்கொள்வோம். முதல் அங்கத்தில் நோரா கடன் கொடுத்தவனின் மிரட்டலைக் கேட்டுவிட்டு, நடுங்கும் மனதோடு அந்த மரத்தை அலங்கரிக்கத் தொடங்குகிறாள். கணவன் டோர்வால் அருகில் இருந்து பொய்யைப் பற்றியும் குடும்ப ஒழுக்கத்தைப் பற்றியும் உபதேசம் செய்கிறான். இரண்டாம் அங்கம் தொடங்கும்போது மரம் ஒரு மூலையில் அலங்காரம் களைந்து, எரிந்து தீர்ந்த மெழுகுவத்தித் துண்டுகளோடு நிற்க வேண்டும் என்று மேடைக் குறிப்பு கேட்கிறது. கிறிஸ்துமஸ் நாளே அப்போதுதான் பிறந்திருக்கிறது. அதற்குள் பண்டிகையின் உடல் தளர்ந்துவிட்டது. இதைவிட நுட்பமான இன்னொரு செய்தி முதல் அங்கத்தில் போகிற போக்கில் வருகிறது. முந்தைய ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முன் மூன்று வாரம், ஒவ்வொரு மாலையும் நள்ளிரவு தாண்டும்வரை நோரா அறைக்குள் தாழிட்டுக்கொண்டு மரத்துக்கான அலங்காரப் பொருள்கள் செய்தாள் என்று டோர்வால் நினைவுகூர்கிறான். கடைசியில் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை, எல்லாவற்றையும் பூனை கிழித்துவிட்டது என்று அவள் சொன்னாள். சற்று நேரத்தில் தன் தோழியிடம் அவளே உண்மையைச் சொல்கிறாள். அந்தக் குளிர்காலத்தில் அவள் கதவைச் சாத்திக்கொண்டு செய்தது பிரதியெடுக்கும் எழுத்து வேலை. கணவனின் உயிரைக் காக்க ரகசியமாக வாங்கிய கடனை அப்படித்தான் அடைத்துவந்தாள். சம்பாதிக்கும் மனிதராக இருக்க அவளுக்குக் கிடைத்த ஒரே மறைவு பண்டிகைக்கால மனைவி என்ற வேடம். தன் உழைப்பை அவள் எவ்வளவு ஆழத்தில் ஒளித்தாள் என்பதற்கு அந்தப் பூனை சாட்சி.

இந்த வீட்டில் ஏற்பு நிகழவில்லை. உண்மை வெளிப்பட்டதும் டோர்வால் முதலில் சீறுகிறான். கடன் பத்திரம் திரும்பி வந்து, ஆபத்து நீங்கியதும் மன்னித்துவிட்டதாகச் சொல்கிறான். அவன் மன்னிப்பது பழைய நோராவை, அந்த வேடத்தை. எதிரே நிற்கும் பெண்ணை அவன் இன்னும் பார்க்கவே இல்லை. பார்வையாளர் உலகம் இதைத் தாங்கிக்கொள்ளச் சிரமப்பட்டது என்பதற்கு வலுவான சான்று ஜெர்மனியில் கிடைக்கிறது. ஹெட்விக் நீமன்-ராபே என்ற புகழ்பெற்ற நடிகை, பிள்ளைகளை விட்டுப்போகும் தாயாக நடிக்க மறுத்தார். அடுத்தவர் கைவைத்துக் கெடுப்பதைவிடத் தானே செய்வது மேல் என்று இப்சன் மாற்று முடிவு ஒன்றை எழுதிக் கொடுத்தார். அதில் டோர்வால் நோராவைப் பிள்ளைகள் தூங்கும் அறை வாசலுக்கு இழுத்துச் செல்கிறான், அவள் அங்கேயே சரிந்து விழுகிறாள், திரை. அந்த முடிவு நாடகத்தின்மீது இழைத்த கொடுமை என்ற கருத்தை இப்சன் வெளிப்படையாகவே பதிவுசெய்தார். சமாதானத்துக்கும் ஏற்புக்கும் இடையிலான தூரத்தை அளக்க விரும்புகிறவர்கள் இவ்விரு முடிவுகளையும் அருகருகே வைத்துப் படித்தால் போதும். குடும்பம் கூடியிருக்கும் முடிவில்தான் நோராவுக்கு இடமே இல்லை.

இதற்கு நேர்மாறாக நிற்பதாகச் சொல்லப்படுவது சார்லஸ் டிக்கன்ஸின் ‘எ கிறிஸ்துமஸ் கேரல்’. 1843 டிசம்பரில் வெளிவந்த இந்தக் குறுநாவல் 1844 பிப்ரவரிக்குள் லண்டன் மேடைகளில் ஏறிவிட்டது. மினியாபொலிஸ் நகரின் கத்ரி அரங்கு 1975 முதல் இதைத் தன் டிசம்பர் வழக்கமாகவே வைத்திருக்கிறது. கஞ்சன் ஸ்க்ரூஜ் ஒரே இரவில் திருந்திக் குடும்பத்தோடு சேர்கிறான். மாறியவனுக்கே மேசையில் இடம், ஆகவே பண்டிகைக் கதை என்றாலே வேடத்துக்குத் திரும்புவதுதான் என்று இதைக் காட்டி வாதிடலாம். கதையை இன்னொரு முறை பார்க்க வேண்டும். ஸ்க்ரூஜின் சகோதரி மகன் ஃபிரெட், மாமா திருந்துவார் என்ற எந்த அறிகுறியும் இல்லாதபோதே விருந்துக்கு அழைக்க வருகிறான். விரட்டப்பட்ட பிறகும் ஆண்டுதோறும் வந்து அழைக்கப்போவதாகத் தன் விருந்தினரிடம் சொல்கிறான். மனமாற்றத்துக்கு முந்தியது அந்த ஏற்பு. மேடையாக்கங்கள் ஆவிகளின் வித்தையிலும் கடைசிக் காட்சியின் களிப்பிலும் கவனம் செலுத்தி ஃபிரெட்டைச் சிறு பாத்திரமாக்கிவிடுவது எனக்கு வருத்தம் தருகிறது. குடும்பம் என்ற முறையில் அந்தக் கதையின் அச்சாணி அவன்.

இப்சனின் கிறிஸ்துமஸுக்குப் பதில் சொல்வதுபோல் அமைந்தது அகஸ்ட் ஸ்ட்ரின்ட்பெர்க் எழுதி 1901இல் மேடையேறிய ‘ஈஸ்டர்’. புனித வியாழன், புனித வெள்ளி, ஈஸ்டருக்கு முந்தைய நாள் என மூன்று அங்கங்கள். ஹைடனின் இசையோடு தொடங்குபவை. பிறர் பணத்தைக் கையாடியதற்காகத் தந்தை சிறையில் இருக்கிறார். ஆசிரியரான மகன் எலிஸ் அவமானத்தில் புழுங்குகிறான். மனநல விடுதியிலிருந்து திரும்பிவரும் மகள் எலியனோரா வழியில் பூட்டியிருந்த கடைக்குள் புகுந்து, ஒரு நாணயத்தை வைத்துவிட்டு, பூத்த மஞ்சள் மலர்ச் செடி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவருகிறாள். நாணயம் கண்ணில் படாததால் ஊரில் திருட்டு என்று பேச்சு எழுகிறது. திருடனின் மகளும் திருடியாகிவிட்டாள் என்ற பயம் மேடையெங்கும் பரவ, அந்தச் செடி நடுவீட்டில் பூத்து நிற்கிறது. வரவிருக்கும் பெரிய ஆபத்து கடன்காரர் லிண்ட்க்விஸ்ட். மூன்றாம் நாள் அவர் வாசற்படி ஏறி வந்து கடனை விட்டுவிடுகிறார். காரணம், பல ஆண்டுகளுக்கு முன் ஆதரவற்ற இளைஞனாக நகரத்துக்கு வந்தபோது அவருக்கு உதவியவர் இதே குற்றவாளித் தந்தை. பயமுறுத்தவும் எலிஸின் கர்வத்தை உடைக்கவும் அவர் தயங்கவில்லை, அதன்பிறகே விடுவிக்கிறார். இந்தத் தீர்வு சற்று வசதியாக வந்து விழுகிறது என்ற விமர்சனம் நியாயமானது. ஆனாலும் ஸ்ட்ரின்ட்பெர்க் முக்கியமான ஒன்றைக் கண்டுகொண்டார். தந்தையின் குற்றம் துடைக்கப்படவில்லை, அவர் சிறையிலிருந்து வரவும் இல்லை. குற்றவாளி என்பதோடு கூடவே அவர் ஒருகாலத்தில் நல்லது செய்தவர் என்பதும் அந்த வீட்டில் முதன்முறையாகச் சொல்லப்படுகிறது. குடும்பம் தன் மனிதனை முழுதாகப் பார்க்க வெளியாள் ஒருவர் தேவைப்பட்டது.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். பண்டிகை வெறும் வசதிதானே, எல்லோரையும் ஓரிடத்தில் கூட்ட நாடகாசிரியருக்கு ஒரு சாக்கு வேண்டும், சாவு வீடோ கல்யாண வீடோ இருந்தாலும் இதே வேலை நடந்துவிடுமே? நடக்காது. சாவும் கல்யாணமும் ஒருமுறை வருபவை. பண்டிகை அடுத்த ஆண்டும் வரும். இதை வேறெவரையும்விட ஆழமாக உணர்ந்தவர் தார்ன்டன் வைல்டர். 1931இல் வெளியான அவருடைய ‘நீண்ட கிறிஸ்துமஸ் விருந்து’ இடைவேளையற்ற ஓரங்க நாடகம். பேயார்ட் குடும்பத்தின் தொண்ணூறு ஆண்டுக் கிறிஸ்துமஸ் விருந்துகள் ஒரே மேசையில் இடையறாமல் நடக்கின்றன. மேடையின் ஒரு பக்கம் பழமும் மலரும் சூடிய வாசல், அது பிறப்பு. எதிர்ப்பக்கம் கறுப்பு வெல்வெட் தொங்கும் வாசல், அது இறப்பு. நடிகர்கள் இல்லாத உணவை இல்லாத கத்தி முள்கரண்டியால் உண்கிறார்கள். மூப்பு வரும்போது வெள்ளை முடியை எடுத்துத் தலையில் வைத்துக்கொள்கிறார்கள். தாதி ஒருத்தி தள்ளிவரும் குழந்தை வண்டி ஒருமுறை மேசையருகே நிற்காமலே நேரே இருண்ட வாசலுக்குப் போய்விடும். பிறந்ததும் இறந்த பிள்ளைக்கு அவ்வளவுதான் நேரம். ஊரின் சலிப்பைப் பற்றித் தந்தையோடு சண்டையிட்டு ஒரு மகன் வீட்டை விட்டுப் போகிறான், இன்னொரு மகன் போரில் இறக்கிறான், திருமணமே செய்யாமல் இந்த வீட்டிலேயே இருப்பேன் என்றிருந்த அத்தை ஒருநாள் இனித் தாங்காது என்று எழுந்து போகிறாள். ஒவ்வொரு பிளவுக்குப் பிறகும் அதே வானிலைப் பேச்சு, அன்றைய பிரசங்கத்தைப் பற்றிய அதே பாராட்டு, அதே கறி வெட்டும் சடங்கு. ஒரே ஒரு விருந்தாக இருந்தால் அந்தப் பேச்சு போலியாகத் தெரியும். தொண்ணூறு ஆண்டுகளை ஒன்றாகக் கேட்கும்போது, இழந்தவர்களின் பெயரைச் சொல்லாமலே அவர்களுடைய நாற்காலியில் அடுத்தவரை உட்காரவைக்கும் வழியாக அது மாறுகிறது. சாவு வீட்டு நாடகத்தால் இதைக் காட்ட முடியாது. மன்னிக்காதவரும் அடுத்த டிசம்பரில் அதே மேசைக்கு வந்தாக வேண்டும் என்ற கட்டாயம்தான் பண்டிகை நாடகத்தின் உந்துவிசை.

கட்டாயம் என்று சொன்னவுடன் இன்னும் கனமான ஆட்சேபம் முன்வருகிறது. ஏற்பு என்ற நல்ல பெயரில் கொடுமையைச் சகித்துக்கொள்ளச் சொல்கின்றனவா இந்த நாடகங்கள்? ஜேம்ஸ் கோல்ட்மனின் ‘தி லயன் இன் வின்டர்’ (1966) இந்தக் கேள்வியை முகத்துக்கு நேரே வைக்கிறது. 1183ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ், ஷினோன் கோட்டை. இங்கிலாந்து அரசர் இரண்டாம் ஹென்றி பல ஆண்டுகளாகச் சிறைவைத்திருக்கும் மனைவி எலினோரைப் பண்டிகைக்காக வெளியே கொண்டுவருகிறார். மூன்று மகன்களும் வாரிசுரிமைக்காக ஒருவரையொருவர் விற்கத் தயாராக இருக்கிறார்கள். அந்த ஆண்டு ஷினோனில் அப்படியொரு கிறிஸ்துமஸ் கூட்டம் நடக்கவில்லை, அதற்கு முந்தைய ஆண்டு கான் நகரில் நடந்ததுண்டு என்று கோல்ட்மனே ஒப்புக்கொண்டிருக்கிறார். பன்னிரண்டாம் நூற்றாண்டுக்குப் பொருந்தாத கிறிஸ்துமஸ் மரமும் பரிசுப் பொட்டலங்களும் மேடையில் உண்டு. வரலாற்றுப் பிழை என்று இவற்றைத் தள்ளிவிட முடியாது. அரச குடும்பத்தின் கொலைவெறியை நமக்குத் தெரிந்த பண்டிகை வீட்டுக்குள் கொண்டுவந்து வைக்கிறார் ஆசிரியர். மகன்களைக் கொல்ல வாள் ஓங்கும் ஹென்றியால் வெட்ட முடியவில்லை. விடிந்ததும் எலினோர் மறுபடி சிறைக்கே படகேறுகிறாள். ஈஸ்டருக்கு வெளியே விடுவாயா என்று கேட்டுக்கொண்டே போகிறாள். இருவரும் ஒருவரையொருவர் முழுதாக அறிந்தவர்கள், வேடம் ஏதும் மிச்சமில்லாதவர்கள். அந்த அறிதலில் அன்பு இருக்கிறது. ஆனால் சாவி ஹென்றியின் இடுப்பில் இருக்கிறது. ஆகவே என் வரையறைக்கு ஒரு நிபந்தனை சேர்த்தே ஆக வேண்டும்: எழுந்து போக உரிமை இல்லாதவர் உட்கார்ந்திருப்பதை ஏற்பு என்று கொள்ள முடியாது. நோரா வெளியேற முடிந்ததும் எலினோரால் முடியாமல் போனதும் ஒரே உண்மையின் இரண்டு பக்கங்கள்.

நகைச்சுவை இந்த வரிசையில் எங்கே சேரும்? ஆலன் அய்க்போர்ன் 1980இல் எழுதிய ‘சீசன்ஸ் கிரீட்டிங்ஸ்’ நாடகத்தில், நள்ளிரவில் மரத்தடியில் வீட்டுக்காரியும் விருந்தாளி எழுத்தாளரும் கட்டித்தழுவிப் புரளும்போது பரிசுப் பொட்டலங்களுக்கு நடுவே இருந்த விளையாட்டுக் கரடி மேளம் கொட்டத் தொடங்குகிறது, வீடே விழித்துக்கொள்கிறது. பிள்ளைகளுக்காகவே நடப்பதாகச் சொல்லப்படும் இந்தக் கிறிஸ்துமஸில் பிள்ளைகள் ஒருமுறைகூட மேடைக்கு வருவதில்லை. பெரியவர்கள் எதையும் கற்றுக்கொள்ளாமல் பழைய வேடத்துக்கே திரும்புகிறார்கள். சிரித்து முடித்தபின் மிஞ்சும் கசப்பு, சமாதானத்தை மட்டும் நாடும் குடும்பம் எவ்வளவு தனிமையானது என்பதைச் சொல்லிவிடுகிறது.

இவை யாவும் வசதியுள்ள கிறிஸ்தவக் குடும்பங்களின் கதைகள்தானே என்று ஒருவர் கேட்கலாம். ஆல்ஃபிரட் யூரியின் ‘தி லாஸ்ட் நைட் ஆஃப் பாலிஹூ’ 1939 டிசம்பரில் அட்லாண்டாவில் வாழும் யூதக் குடும்பம் ஒன்று கிறிஸ்துமஸ் மரம் வைப்பதில் தொடங்குகிறது. மகள் உச்சியில் நட்சத்திரம் வைக்கிறாள், தாய் அதை எடுக்கச் சொல்கிறாள். யூதர் வீட்டு மரத்தில் நட்சத்திரம் கூடாது என்பது அந்தத் தாயின் எல்லைக்கோடு. ஜெர்மன் வழி யூதர்கள் கிழக்கு ஐரோப்பிய யூதர்களை இழிவாகப் பார்க்கும் அந்த வீட்டில், இரவல் பண்டிகையின் மரம் ஒவ்வொருவரும் தங்களை எவ்வளவு மறைத்துக்கொள்கிறார்கள் என்பதற்கு அளவுகோலாகிறது. கடைசிக் காட்சி அவர்களுடைய சொந்த ஓய்வுநாள் விருந்து. பவுலா வோகலின் ‘தி லாங் கிறிஸ்துமஸ் ரைடு ஹோம்’ (2003) வேறொரு விலக்கலைப் பேசுகிறது. தாத்தா வீட்டுக்குக் காரில் போகும் மூன்று பிள்ளைகளை ஜப்பானிய புன்ராகு பொம்மலாட்ட மரபின் பாணியில் பொம்மைகளாகவே மேடையில் ஏற்றுகிறார். முன் இருக்கையில் பெற்றோர் சண்டையிட, பின் இருக்கையில் பொம்மைகள் பேசாமல் அமர்ந்திருக்கின்றன. அந்தப் பிள்ளைகளில் ஒருவன் வளர்ந்து எய்ட்ஸ் நோயில் இறக்கிறான். வோகல் தன் அண்ணனை 1988இல் அதே நோய்க்கு இழந்தவர். உயிரோடு இருந்தபோது அவனுக்கு உரிய இடத்தைத் தராத குடும்பத்தின் நடுவே, அவன் ஆவியாகத் திரும்பி வந்து தன் சகோதரிகளைக் காக்கிறான். வைல்டரின் மேசையிலிருந்து இந்தக் காருக்கு நேரான பாதை உண்டு.

சமகாலத்தில் இந்த மரபை முன்னெடுத்த மிகச் சிறந்த நாடகம் ஸ்டீபன் கராமின் ‘தி ஹியூமன்ஸ்’ என்பது என் மதிப்பீடு. 2016இல் டோனி விருது பெற்றது. தேங்க்ஸ்கிவிங் நாள், நியூயார்க் சைனாடவுனில் வெளிச்சம் குறைந்த இரண்டடுக்கு வீடு. பென்சில்வேனியாவிலிருந்து வந்திருக்கும் பெற்றோர், மறதி நோயால் சொற்களை இழந்துவிட்ட பாட்டி, காதலியையும் வேலையில் முன்னேற்றத்தையும் இழந்து குடல்நோயோடு போராடும் மூத்த மகள், இந்த வீட்டுக்குக் காதலனோடு புதிதாகக் குடிவந்த இளைய மகள். இந்தக் குடும்பத்துக்கென்று ஒரு சடங்கு உண்டு. பன்றி வடிவில் செய்த புதினா மிட்டாயைப் பையில் போட்டுச் சிறு சுத்தியலால் ஒவ்வொருவராக அடிக்க வேண்டும். அடிக்கும் முன் தான் எதற்கு நன்றியுள்ளவர் என்று சொல்ல வேண்டும். உடைந்த துண்டுகளை எல்லோரும் பகிர்ந்து தின்ன வேண்டும். பண்டிகைப் பொருள் உடைவதே இங்கே பண்டிகை. அதே இரவில் தந்தை எரிக், தகாத உறவொன்றால் பல்லாண்டு பார்த்த பள்ளி வேலையை இழந்துவிட்டதையும் சேமிப்பு கரைந்துவிட்டதையும் மகள்களிடம் சொல்கிறார். மனைவிக்கு இது முன்பே தெரியும். தெரிந்தும் அவரோடு காரில் வந்து, அதே மேசையில் அமர்ந்திருக்கிறாள். குடும்பத்தைத் தாங்குபவர் என்ற வேடம் அவரிடமிருந்து முற்றாக விழுந்துவிட்டது. யாரும் மன்னிப்பு உரை ஆற்றவில்லை. மகள்களின் கோபம் தணியவும் இல்லை. விளக்குகள் ஒவ்வொன்றாகக் கெட்டுப்போக, மற்றவர்கள் வெளியே வண்டிக்குப் போய்க் காத்திருக்க, எரிக் இருளில் தனியே பயத்தோடு திணறிப் பிறகு வெளியேறுகிறார். வண்டி அவரை விட்டுவிட்டுக் கிளம்பவில்லை என்பதே இந்த நாடகம் தரும் ஏற்பு. நோராவின் வீட்டில் இல்லாதது இங்கே இருக்கிறது. எலினோருக்கு இல்லாத உரிமையும் இந்த மனைவிக்கு இருக்கிறது, அவள் விரும்பினால் எழுந்து போகலாம். இந்த மிகச் சிறிய அளவைக் கண்டு சிலர் ஏமாறக்கூடும். ஏமாற வேண்டியதில்லை. பொய் இல்லாமல் ஒரு மேடை நாடகம் தரக்கூடியதில் இது சிறியதல்ல.

இவற்றை மேடையேற்ற நினைக்கும் குழுக்களிடம் ஒரு வேண்டுகோள். செலவையோ நேரத்தையோ குறைக்க வசனத்தில் கைவையுங்கள், தவறில்லை. ‘பொம்மை வீடு’ இரண்டாம் அங்கத்து மரத்தையும் அந்தத் தீர்ந்த மெழுகுவத்திகளையும் மட்டும் விட்டுவிடாதீர்கள். படிக்க மட்டும் விரும்புகிறவர்கள் வைல்டரிலிருந்து தொடங்கலாம்; ஒரே மூச்சில் முடித்துவிடக்கூடிய நாடகம் அது.